ஊக வாணிபமும் உண்மை முதலீடும்

பங்குச் சந்தையில் பணம் போடுவோர் அனைவரும் முதலீட்டாளர்கள் அல்லர். காலையில் வாங்கி மாலையில் விற்பவர் விலையின் ஏற்ற இறக்கத்தை நம்புகிறார். ஆண்டுக் கணக்கில் பங்கை வைத்திருப்பவர் தொழிலின் வளர்ச்சியை நம்புகிறார். முன்னது ஊக வாணிபம், பின்னது முதலீடு. இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்கப் பெங்களூரின் மென்பொருள் தொழில் நல்லதோர் உதாரணமாகும்.

பெங்களூரின் அனுபவம்

1981-இல் புனேயில் ஏழு பொறியாளர்கள் 10,000 ரூபாய் மூலதனத்தில் தொடங்கிய இன்ஃபோசிஸ் நிறுவனம் 1983-இல் பெங்களூருக்கு இடம் மாறியது. மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாடு 1992-இல் நீக்கப்பட்டது. நிறுவனங்கள் தம் பங்கின் விலையைத் தாமே நிர்ணயிக்க வழி பிறந்தது. மறு ஆண்டு, 10 ரூபாய் முகமதிப்புள்ள தன் பங்கை இன்ஃபோசிஸ் 95 ரூபாய்க்கு வெளியிட்டது. ஆலையும் எந்திரமும் இல்லாத இப்புதிய தொழிலில் பணம் போடப் பொதுமக்கள் தயங்கினர். வெளியீடு முழுமையாக விலைபோகவில்லை.

அன்று 9,500 ரூபாய்க்கு 100 பங்குகள் வாங்கி, ஒன்றையும் விற்காதவரின் கணக்கு பின்வருமாறு: 1994, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று வீதம் இலவசப் பங்குகள் வழங்கப்பட்டு 100 பங்குகள் 800 ஆயின. 2000-இல் முகமதிப்பு 5 ரூபாயாகப் பிரிக்கப்பட்டு 1,600 ஆயின. 2004-இல் ஒன்றுக்கு மூன்று வழங்கப்பட்டு 6,400 ஆயின. 2006, 2014, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் இரட்டித்து 1,02,400 ஆயின.

இலவசப் பங்கு தானாகச் செல்வத்தைப் பெருக்குவதில்லை. ஒரு படி அரிசியை எட்டு ஆழாக்காக அளப்பதால் அரிசி கூடிவிடாது. இங்கே பெருகியது நிறுவனத்தின் ஆதாயம்; அதன் பயன் பொறுத்திருந்தவரைச் சேர்ந்தது.

அவசரத்தின் விலை

பொறுமைக்கும் சோதனை உண்டு. 2003 ஏப்ரல் 10 அன்று, வருங்கால ஆதாயம் குறையக்கூடும் என்ற அறிவிப்பால் இதே பங்கின் விலை ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அன்று அஞ்சி விற்றவர் பின்னர் வந்த வளர்ச்சியை இழந்தார்.

அன்றாட வாணிபம் செய்வோரின் நிலையைச் செபி நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. 2022-23-இல் ஒரே நாளில் பங்குகளை வாங்கி விற்ற தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்தனர். முப்பது வயதுக்குட்பட்டோரில் இது 76 சதவீதம். அடிக்கடி வாணிபம் செய்தவர்களிடையே நஷ்டமடைந்தோர் விகிதம் இன்னும் அதிகம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் தரகும் வரியும் கழிவது இதற்கு ஒரு காரணமாகும்.

காலம் மட்டும் போதுமா?

எந்தப் பங்கையும் வாங்கி வைத்தால் போதும் என்று கொள்வதும் தவறு. ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத்தில் பல ஆண்டுகளாகப் பொய்க் கணக்கு எழுதப்பட்டது 2009 ஜனவரி 7 அன்று வெளிப்பட்டது. அன்றே பங்கின் விலை முக்கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. நெடுங்காலம் பொறுத்திருந்தவர்களும் தப்பவில்லை. வாங்கிய விலையும் முக்கியமாகும். அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீட்டெண் 2000 மார்ச்சில் எட்டிய உச்சத்தை மீண்டும் தாண்ட 2015 வரை ஆயிற்று.

ஆகவே நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்தல், நியாயமான விலையில் வாங்குதல், சேமிப்பு முழுவதையும் ஒரே பங்கில் முடக்காதிருத்தல், கடன் வாங்கி முதலீடு செய்யாதிருத்தல் ஆகியவை இன்றியமையாதவை.

மத்திய அரசு ஊழியர்களின் 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் ஊக வாணிபத்தைத் தடை செய்கின்றன. பங்குகளை அடிக்கடி வாங்குவதும் விற்பதும் ஊக வாணிபமாகவே கருதப்படும் என்றும் விளக்குகின்றன. எப்போதாவது செய்யும் முதலீட்டுக்குத் தடையில்லை. அலுவலர்களுக்காக வகுக்கப்பட்ட இவ்வரையறை, சம்பாதிக்கத் தொடங்கும் ஒவ்வொரு மாணவருக்கும் ஏற்றதாகும். சேமிப்பு தொழிலுக்கு மூலதனமாகும்போதுதான் நாடும் வளரும், சேமித்தவரும் வளர்வர்.