பார்த்தலும் காத்தலும்

(பெங்களூரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



1972-ஆம் ஆண்டில் ஜோசப் ஜார்ஜ் என்னும் அறிவியலாளர், ஒத்த ஆர்வமுடைய நண்பர்களுடன் இந்நகரில் பறவை நோக்குவோர் கழகத்தைத் தொடங்கினார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் லால்பாகில் கூடுவது அதன் வழக்கமாயிற்று. மரப்பொந்தில் விழித்திருக்கும் புள்ளி ஆந்தையை ஒருவர் சுட்டிக்காட்ட, பத்துப் பேர் கண்டு மகிழ்வர். செம்புத் தகட்டைத் தட்டுவதுபோல் விடாது ஒலிக்கும் குக்குறுவானை, குரல் வந்த திசையைக் கொண்டே தேடக் கற்பர். கட்டணமோ தேர்வோ இல்லாத கல்வி அது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1972-இல்தான்.

இந்த மகிழ்ச்சிக்கும் அடிபட்ட பறவைக்குச் செய்யும் மருத்துவத்துக்கும் தொடர்பு உண்டா என வினவலாம். உண்டு. பறவையை அறியாதவரின் இரக்கம் சில வேளைகளில் அதற்கே கேடாய் முடிகிறது.

இறகு முளைத்து, தரையில் தத்தித் திரியும் குஞ்சைக் கண்டதும் அது அநாதையென்று எண்ணி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறோம். உண்மையில் அது பறக்கப் பழகும் பருவத்தில் இருப்பது. தாயும் தந்தையும் அருகிலிருந்தே இரையூட்டும். பூனைக்கும் வண்டிக்கும் எட்டாத கிளையில் அதை வைத்துவிட்டு நாம் விலகிவிட்டால் போதும். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கையே. இறகே முளைக்காத குஞ்சாயின், கூடு தெரிந்தால் அதில் திரும்ப வைத்துவிடலாம். சிறுவயதில் ஒரு மைனாக் குஞ்சுக்கு அன்போடு பாலூற்றிக் கொன்றவன் நான். ஆகவே பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை.

பருந்தின் நிலை வேறு. காற்று மிகுந்த ஆடியில் இங்கே பட்டங்கள் நிறையப் பறக்கும். அறுந்த மாஞ்சா நூல் மரக்கிளைகளில் சிக்கி, மக்காமல் பல மாதங்கள் தொங்கும். அதில் மாட்டிய கரும்பருந்து விடுபடத் துடிக்கத் துடிக்க, தோளையும் மணிக்கட்டையும் இணைக்கும் மெல்லிய சிறகுத்தோலை நூல் அறுத்துவிடும். அந்தத் தோலும் தசைநாரும் கூடாவிடில் பறவை மீண்டும் வானேறாது. நைலான் மாஞ்சாவின் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் தடை செய்தது. தடைக்குப் பின்னும் நூல் கடைக்கு வருகிறதென்றால், அதைக் கண்டறிவது இங்கு அமர்ந்திருக்கும் அலுவலர்களின் கையில் உள்ளது.

அத்தகைய பறவையைக் கண்டால் நூலைப் பிடித்து இழுக்காதீர்கள், புண் ஆழமாகும். கத்தரியால் சற்றுத் தள்ளி வெட்டி, உடலில் சுற்றியிருப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், துணி விரித்து, இருட்டும் அமைதியுமாக வையுங்கள். அலகைத் திறந்து நீர் புகட்டினால் மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். கெங்கேரியில் 1996 முதல் இயங்கும் ‘பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்’ மையம் போன்ற மறுவாழ்வு நிலையத்திடமோ வனத்துறையிடமோ விரைவில் ஒப்படையுங்கள். குணமாகும்வரை வீட்டிலேயே வளர்க்கலாம் என எண்ணாதீர்கள். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

இன்னொரு சிறு செய்தி. பெட்டியின் மேல் பறவை கிடைத்த தெருவின் பெயரையும் நாளையும் எழுதிவையுங்கள். குணமடைந்தபின் அதை அங்கேயே விடவேண்டும். அதன் இணையும் கூடும் அந்தத் தெரு மரத்திலேயே இருக்கக்கூடும்.