அடுப்புப் புகையும் குடும்ப நலமும்

சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம் மாந்தோப்புகள் நிறைந்த பகுதி. இத்தகைய ஊர்களில் சுள்ளி விறகு காசின்றிக் கிடைக்கிறது. ஆயினும், அதற்குரிய விலையைப் பெண்களும் குழந்தைகளும் தங்கள் உடல்நலத்தால் செலுத்துகின்றனர்.

சாளரமற்ற சமையலறையில் விறகு எரியும்போது கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. இவற்றைத் தொடர்ந்து சுவாசிக்கும் தாய்க்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும், குழந்தைக்கு நிமோனியாவும் ஏற்படக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டினுள் சூழும் புகையால் உலகெங்கும் 32 லட்சம் பேர் மாண்டனர்.

ஆந்திரத்தில் 1999இல் தீபம் திட்டமும், நாடெங்கும் 2016இல் உஜ்வலா திட்டமும் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கத் தொடங்கப்பட்டன. இணைப்பு வந்ததும் புகை அகன்றுவிடுமா? கையில் ரொக்கமில்லாத மாதத்தில் சிலிண்டர் காலியாக நிற்க, விறகடுப்பு மீண்டும் எரிகிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 3 சிலிண்டர்களை இலவசமாக வழங்கும் திட்டத்தை ஆந்திர அரசு 2024இல் தொடங்கியது இவ்வகையில் பொருத்தமானதே.

எனவே, வழங்கிய இணைப்புகளோடு, ஒவ்வொரு குடும்பமும் ஆண்டில் எத்தனை சிலிண்டர்கள் வாங்கியது என்பதையும் கணக்கிடல் வேண்டும். விறகு தொடரும் வீடுகளில் சாளரமும் புகைபோக்கியும் அமைவதை வீட்டுவசதி அலுவலர்கள் உறுதிசெய்தல் வேண்டும்.