பால் காய்ச்சிக் கற்ற பாடம்



ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் பெரியோர் உள்ளத்தில் 1017ஆம் ஆண்டு இத்தலத்தில் அவதரித்த உடையவரின் நினைவு எழும். இளைஞர்களுக்கோ இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், சுங்குவார்சத்திரம் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளும், ஷிப்ட் நேரத்திற்கு வந்து நிற்கும் கம்பெனிப் பேருந்துகளுமே முதலில் நினைவுக்கு வரும்.

இராமாநுசர் இளமையில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஆசிரியரின் விளக்கத்தோடு மனம் ஒவ்வாமல் விலகி வந்த அவருக்குத் திருக்கச்சி நம்பிகள் காட்டிய பணி சுவடி வாசிப்பு அன்று; சாலைக் கிணற்றிலிருந்து காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு நாள்தோறும் தீர்த்தம் சுமந்து வருதல். நம்பிகள் வேதம் ஓதும் குலத்தவர் அல்லர். அவர் சொற்படி தோளில் குடம் சுமந்த நாட்களும் கல்விக் காலமே ஆயின.

பின்னர் ஆளவந்தாரின் சீடர் ஐவரிடம் பாடம் கேட்டார். அவர்களுள் திருவரங்கப்பெருமாள் அரையரிடம் பொருள் கேட்குமுன், ஆறு திங்கள் அவருக்குப் பால் காய்ச்சித் தந்தார். மஞ்சட்காப்பு அரைத்துக் கொடுத்தார். ஒருநாள் மஞ்சள் அரையருக்கு உவப்பாக இல்லை என்பதை முகக்குறிப்பால் உணர்ந்து, மீண்டும் அரைத்துத் தந்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறும். பால் காய்ச்சுதல் எளிய வேலையாகத் தோன்றலாம். சூடு மிகுந்தால் நா வெந்துபோகும்; ஆறினால் சுவை கெடும். பாடுகின்ற ஒருவரின் தொண்டைக்கு எந்தச் சூடு இதம் என்பதை எந்தச் சுவடியில் படிப்பது? அருகிலிருந்து அன்றாடம் கவனித்தே அறிய வேண்டும்.

இன்று பல மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் இவ்வட்டாரத்திற்கு வேலை தேடி வருகின்றனர். கையில் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ சான்றிதழ் இருக்கும். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் உறங்குவது எங்ஙனம், வாடகை அறையில் வேளைக்குச் சமைத்து உண்பது எங்ஙனம், ஊதியத்தில் வீட்டிற்கு அனுப்பியது போக மேற்படிப்பிற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பவற்றை அச்சான்றிதழ் சொல்லித் தரவில்லை. (ஆலைக்குள் காலுக்குப் பாதுகாப்புக் காலணி உண்டு, உறக்கத்திற்குத்தான் பாதுகாப்பு இல்லை!) 2014ஆம் ஆண்டு இங்கிருந்த நோக்கியா கைப்பேசி ஆலை மூடப்பட்டபோது வேலையிழந்து நின்றோர் ஆயிரக்கணக்கானோர். ஒரே வேலையை மட்டும் பழகிய கை, அந்த வேலை போனபின் எதைப் பற்றும்?

2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றதைக் கண்டு பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. மிக நன்று. கட்டில் கிடைத்துவிட்டது. மாலையில் அமர்ந்து படிக்க ஓரிடமும், இளையவளின் வாடிய முகம் பார்த்து “சாப்பிட்டாயா அம்மா?” என்று கேட்கும் மூத்தவர் ஒருவரும் அவர்களுக்கு வாய்க்க வேண்டும்.

இத்திருக்கோயிலில் எழுந்தருளியிருப்பது உடையவரின் ‘தானுகந்த திருமேனி’. குளிர்காலத்தில் அத்திருமேனிக்கு வெந்நீரால் திருமஞ்சனம் செய்து, கம்பளி போர்த்துவர். இரவு ஷிப்ட் முடிந்து கண் சிவக்க வரும் பிள்ளைகளும் சற்றே நின்று அதனைச் சேவித்துச் செல்லலாம்.