புற்றரை சோலையாகும் வகை

வீட்டின் பின்வளவிலே பசுமையாகப் பரந்து கிடக்கும் புற்றரை கண்ணுக்கு இனியது என்பதில் ஐயமில்லை. ஆயின், அது வீட்டாருக்குத் தருவது யாது? மழை பெய்தால் புல்லை வெட்டவேண்டும். வெயில் எறித்தால் நீர் இறைக்கவேண்டும். ஆண்டு முழுவதும் உழைத்தாலும், தொடக்கத்தில் இருந்தபடியே அது முடிவிலும் இருக்கும். கறிக்கு ஓர் இலைதானும் அதிலிருந்து கிடைப்பதில்லை.

புற்றரை இலங்கையின் பழைய வழக்கமன்று. ஆங்கிலப் பிரபுக்களின் மாளிகைகளைச் சூழ்ந்து கிடந்த அது, எட்வின் பட்டிங் என்பவர் 1830ஆம் ஆண்டிலே புல்வெட்டும் பொறியை ஆக்கிய பின்னர், நடுத்தர மக்களின் வீடுகளையும் அடைந்தது. ஆங்கிலேயரின் பங்களாக்களோடு கடல் கடந்தும் வந்தது. அதே இங்கிலாந்தில், ஷ்ரொப்ஷயர் என்னும் பகுதியிலே, றொபேட் ஹாட் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறக்குறைய அரைக்கால் ஏக்கர் நிலத்தை உணவு தரும் சிறு காடாக மாற்றினார். பெருமரம், சிறுமரம், புதர், பூண்டு, நிலத்திற் படரும் செடி, கிழங்கு, ஏறுகொடி என ஏழு அடுக்குகளை அவர் வகுத்தார். கேரளத்து வீட்டுத் தோட்டங்களைப் பற்றிய அறிவு அவருக்கு வழிகாட்டிற்று.

இம்முறை இலங்கையருக்குப் புதுமையன்று. கண்டிப் பகுதியின் பழைய வீட்டுத் தோட்டங்களில் தென்னையும் பலாவும் கித்துளும் மேலே ஓங்கி நிற்கும். அவற்றின் கீழே கமுகும் சாதிக்காயும், அதற்கும் கீழே கோப்பியும் வாழையும் வளரும். மரங்களைப் பற்றி மிளகுக்கொடி ஏறும். நிழலில் இஞ்சியும் மஞ்சளும் கிழங்கும் விளையும். உதிர்ந்த இலையே அங்கு எருவாகின்றது.

புற்றரையை இவ்வாறு மாற்றுவது எங்ஙனம்? புல் முழுவதையும் கொத்தி எடுக்கவேண்டியதில்லை. மாரி தொடங்குவதற்குச் சில மாதங்களின் முன்னர், புல்லை ஒட்ட வெட்டி, நன்றாக நீர் தெளித்து, கடதாசி மட்டைப் பெட்டிகளைப் பிரித்து விளிம்பின்மேல் விளிம்பு படியுமாறு பரப்பவேண்டும். அதன்மேல் இலைகுழை, வைக்கோல், எரு ஆகியவற்றை அரையடி உயரத்துக்கு இடவேண்டும். ஒளியிழந்த புல் மடிந்து மண்ணுக்கே உரமாகும். அறுகும் கோரையும் மாத்திரம் எளிதில் மடியா; அவற்றை வேரோடும் கிழங்கோடும் முன்னரே கிண்டி அகற்றுதல் நன்று. வேலியிலே சீமைக்கிளுவையை நட்டால், வெட்டுந்தோறும் மண்ணை மூடுவதற்குக் குழை கிடைக்கும்.

அடுத்து அறியவேண்டியது காலத்தின் ஒழுங்கு. கீரை ஒரு மாதத்திற் பயன் தரும், பப்பாசி ஏறக்குறைய 9 மாதத்தில், வாழை ஓராண்டளவில், தேசியும் மாதுளையும் சில ஆண்டுகளில். விதையிலிருந்து வளரும் பலாவுக்கோ 6 முதல் 8 ஆண்டுகள் வரை காத்திருத்தல் வேண்டும். ஆயினும் எல்லாவற்றையும் ஒரே மாரியில் நடலாம். பலா நிழல் பரப்பும்போது, வெயிலை விரும்பும் பயிர்கள் விலக, நிழலைத் தாங்கும் இஞ்சி, மஞ்சள், வல்லாரை முதலியன அவற்றின் இடத்தைப் பெறும். பலாவுக்கு ஏறக்குறைய 30 அடி இடம் வேண்டும். வீட்டின் அத்திவாரத்துக்கு அணித்தாக அதனை நடலாகாது. சிறு வளவுக்கு ஒரு பலாவே போதும். நீர் குறைந்த வரண்ட பகுதிகளில் முருங்கை, மா, மாதுளை, தேசி, கறிவேப்பிலை ஆகியவை பொருந்தும்.

இக்கால ஒழுங்கை இலங்கை 2022ஆம் ஆண்டிலே கசப்போடு கற்றது. அந்நியச் செலாவணி அருகி, அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே, அரச ஊழியர் வீட்டுத் தோட்டம் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை இசைந்திருந்தது. அன்று மண்வெட்டியைக் கையில் எடுத்தவர் சில வாரங்களிற் கீரையைக் காணலாம். பலாக்காயைக் காண இயலாது. முந்திய தலைமுறையினர் நட்ட பலா நின்ற வளவுகளுக்கே அந்தப் பேறு கிட்டியது. பசி வந்தபின் நட்ட மரம் அந்தப் பசிக்கு உதவாது.

இதனை முன்னரே உணர்ந்தவர் பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் பலா நடுமாறு மக்களைத் தூண்டி, அதற்கென ஓர் இயக்கத்தையே அவர் நடத்தினார். சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என அன்போடு அழைத்தனர். பின்னர் 1951ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மரந்தறித்தற் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றிப் பலாவைத் தறிப்பது தடைசெய்யப்பட்டது. நட்டவருக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் உரியது அம்மரம் என்பதே இதன் கருத்து.

புற்றரை முழுவதையும் ஒரே நாளில் இழக்கவேண்டியதில்லை. பிள்ளைகள் விளையாடுவதற்கு ஒரு பகுதியை விட்டு, ஒரு மூலையில் தொடங்கினாற் போதும். பலாக்கொட்டை உலர்ந்தால் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலால், பழம் உண்ட சில நாட்களுக்குள்ளேயே அதனை மண்ணில் இடவேண்டும். உணவு மலிந்திருக்கும் காலமே அதற்கு ஏற்ற காலம்.