அரபுக் கல்வி யாருக்கு?

(உயர்தர வகுப்பு மாணவரும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



பல்கலைக்கழகம் புகும் பிள்ளையொன்று, அரபு மொழியையும் பண்பாட்டையும் பட்டப் பாடமாகக் கற்கப் போவதாகச் சொன்னால் வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "அது முஸ்லிம் பிள்ளைகளுக்குரிய பாடமல்லவா?" என்பது ஒன்று. "அதைப் படித்து என்ன உத்தியோகம் பார்ப்பது?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை கூறவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இஸ்லாத்தின் திருமறை அரபு மொழியில் உள்ளது. ஆகவே முஸ்லிம் மக்கள் அம்மொழியைப் போற்றுவது இயல்பே. ஆயினும் அம்மொழியை வளர்த்தோரும் கற்றோரும் ஒரு சமயத்தார் மட்டுமல்லர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1632இலும், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1636இலும் அரபு மொழிக்குப் பேராசிரியர் பதவியை நிறுவின. ஒக்ஸ்போர்டில் அப்பதவியை முதன்முதல் ஏற்ற எட்வேர்ட் போகொக் ஒரு கிறித்தவக் குருவானவர். 19ஆம் நூற்றாண்டில் பெய்ரூத் நகரிலிருந்து அரபு மொழிக்குப் பேரகராதியும் கலைக்களஞ்சியமும் ஆக்கித் தந்த புத்ருஸ் அல்புஸ்தானியும் கிறித்தவரே. அவர்களுக்கு அடையாத கதவு சைவப் பிள்ளைக்கு மட்டும் ஏன் அடைக்கப்பட வேண்டும்?

எமக்கும் அரபுக்கும் என்ன உறவு என்று வினவுவாரும் உளர். கமக்காரர் எண்ணிப் பார்க்கும் மகசூல் அரபுச் சொல். கடைக் கணக்கில் நிற்கும் பாக்கி, கடன் கொடுத்தவர் கேட்கும் அசல், வரி வசூல், பொலிசார் செய்யும் கைது ஆகிய யாவும் அரபு வேரில் முளைத்து, பாரசீகம், இந்துஸ்தானி வழியாக எம் நாவில் வந்து குடியேறியவை.

இன்னுமொன்று கேளுங்கள். 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியை நேரிற் கண்டார். அரசர் பாரசீகம் விளங்கிக்கொள்வார் என்றும், தம்மிடமிருந்த முத்துக்களைக் காட்டினார் என்றும், சிவனொளிபாத மலைக்குச் செல்லப் பல்லக்கும் வழித்துணையும் தந்தார் என்றும் கூறிவைத்தார். எம் வரலாற்றுக்குக் கண்கண்ட சாட்சியாகிய அந்நூல் அரபு மொழியில் உள்ளது. நாமோ பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பியே அதனைப் படித்து வருகிறோம்.

இனி, இப்பட்டப் படிப்பில் கற்பது யாது? முதலில் மொழி. அரபுச் சொற்களிற் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துக்களாலான வேரிலிருந்து கிளைப்பவை. எழுதுதலைக் குறிக்கும் ஒரே வேரிலிருந்து கிதாப் என்றால் நூல், காதிப் என்றால் எழுத்தர், மக்தப் என்றால் அலுவலகம், மக்தபா என்றால் நூலகம். எழுதும் அரபு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. பேசும் அரபு கெய்ரோவில் ஒன்று, ரியாதில் வேறொன்று. செந்தமிழும் பேச்சுத் தமிழும் அறிந்த எமக்கு இது புதிரன்று. மாணவர் இரண்டையும் கற்றாக வேண்டும்.

அடுத்தது பண்பாடு. 8ஆம் நூற்றாண்டில் அரபுக்கு இலக்கணம் வகுத்த சீபவைஹி, பிறப்பாற் பாரசீகர். சமுதாயங்கள் எழுவதும் விழுவதும் ஏன் என்று ஆராய்ந்த இபுனு கல்தூன், தமது முகத்திமா என்னும் நூலை 1377இல் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரில் வாழ்ந்த இபுனுல் அவ்வாம், மண், எரு, நீர்ப்பாசனம், ஒட்டுக்கட்டுதல் ஆகியவற்றை விரித்துக் கமத்தொழிலுக்கே ஒரு பெருநூல் செய்தார். எம் கமக்காரரின் பிள்ளை அதனை மூலத்திலே படித்தால் ஆகாதா?

இரண்டாவது கேள்வி உத்தியோகத்தைப் பற்றியது. பட்டம் பெற்ற மறுநாளே பதவி காத்திருக்கும் என்று நாம் ஆசை காட்ட வரவில்லை. ஆனால் தேவை இருக்கிறது. அது உயிர்போகும் தேவை.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் என்னும் ஏழைப் பெண் 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். அவர் பொறுப்பிலிருந்த குழந்தை இறந்தது. பாலருந்தும்போது மூச்சுத் திணறியே குழந்தை இறந்ததாக அவர் கூறினார். எனினும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டார். 2013 ஜனவரி 9ஆம் திகதி அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தமிழையும் அரபையும் சரிவர அறிந்தவர்தாமா என்ற ஐயத்தை மனித உரிமை அமைப்புகள் எழுப்பின. இரு மொழியும் செவ்வனே அறிந்த ஒருவர் அருகிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. அவர் சொன்னது சொன்னபடி ஏட்டில் ஏறியிருக்கும் என்பது மட்டும் உறுதி.

சவூதி அரேபியாவின் தொழிற் சட்டப்படி, வேலை ஒப்பந்தம் வேறு மொழியிலும் எழுதப்பட்டு முரண்பாடு தோன்றினால் அரபுப் பிரதியே செல்லும். எம் ஊர்களிலிருந்து செல்வோர் தமக்கு விளங்காத அந்தப் பிரதியில் ஒப்பமிடுகிறார்கள். அதனை வாசித்துச் சொல்ல எம்மவருள் எத்தனை பேர் உள்ளோம்?

ஆதலால் பெற்றோரே, அரபு கற்க விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரபு, இஸ்லாமிய நாகரிகத் துறை இருக்கிறது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது. மாணவரே, உங்களுக்கும் ஒரு சொல்: அரபைக் கற்கும்போது தமிழைக் கைவிடாதீர்கள், இயலுமாயின் சட்டமும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மொழியை அரைகுறையாக அறிந்த மொழிபெயர்ப்பாளரால் விளையும் கேட்டை மூதூர் அறியும்.

அடுத்த முறை தமிழ் பேசும் ஏழையொருவர் அந்நிய நாட்டு மன்றில் நிற்கும்போது, அவர் சொல்லைப் பழுதின்றி எடுத்துரைக்க எம் பிள்ளையொருவர் அங்கே இருத்தல் வேண்டும். அதற்கான படிப்பு இன்றே தொடங்கட்டும்.