இல்லாத ஊருக்கு ஓர் இலக்கணம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

1981 முதல் 1984 வரை என்னோடு இங்கே கணிதம் படித்த, அதாவது படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் நண்பர்களே, இன்றைய மாணவச் செல்வங்களே!

செயலாளர் என் விடுதித் தோழர். "ஏதாவது பிரயோஜனமா பேசுடா, ஓய்வூதியம், சேமிப்புன்னு" என்றார். மன்னிக்க வேண்டும். பத்துக் காசுக்கும் பிரயோஜனமில்லாத ஒன்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன். உலகத்தில் எந்த ஊரிலும் பேசாத ஒரு மொழியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதே என் பேச்சு.

அந்த மொழியின் பெயர் குவென்யா. உருவாக்கியவர் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில மொழிப் பேராசிரியராக இருந்தவர். கதையில் வரும் எல்ஃப் என்னும் சாவில்லாத இனத்தாரின் பழைய மொழி இது. கதைக்காக மொழியைச் செய்தார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். மாணவராக இருந்தபோது கல்லூரி நூலகத்தில் ஃபின்னிஷ் மொழி இலக்கணம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. அந்த ஓசையில் மயங்கிப்போய் 1915 வாக்கிலேயே குவென்யாவுக்குச் சொற்பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெரிய நாவலின் முதல் பாகம் வெளிவந்ததோ 1954ல்தான். மொழி பிறந்த பிறகு, அதைப் பேச ஆட்கள் வேண்டுமே என்று கதை பிறந்தது!

சரி, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? அதற்குக் கொஞ்சம் வீட்டுக் கதை சொல்ல வேண்டும்.

2011ல் என் மனைவி காலமானார். வீட்டில் நானும் என் மகனும் மட்டும். அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடம் அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடத்தில் போய்விட்டான். கோபத்தில் அவன் பையைக் குடைந்தேன். நோட்டு ஒன்று அகப்பட்டது. பக்கம் பக்கமாக வளைந்து நெளிந்த ஏதோ எழுத்து. தமிழுமில்லை, ஆங்கிலமுமில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது செய்வினை எழுத்து மாதிரி இருக்கே" என்றார். நான் அதை நம்பவில்லை. ஆனால் படிக்க வேண்டிய நேரத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறானே என்று அவன் கண்ணெதிரே நான்கு தாள்களைக் கிழித்தேன். அவன் அழவில்லை. பதினோரு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் இரவு அந்தத் தாள்களை எடுத்துப் பசை தடவி ஒட்ட உட்கார்ந்தேன். ஒட்ட வேண்டுமானால் வரிகள் பொருந்த வேண்டும். வரி பொருந்த வேண்டுமானால் எழுத்தை உற்றுப் பார்க்க வேண்டும். மோர்ஸ் பழகிய கண் சும்மா இருக்குமா? எழுத்துகளின் தலைமேல் மூன்று புள்ளிகள் அடிக்கடி வருவதைக் கவனித்தேன். அதிகம் வருவது உயிரெழுத்தாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றைப் புள்ளி இன்னொரு உயிர். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரத்தில் மொத்தத்தையும் உடைத்துவிடலாம் என்று தோன்றியது. முதல் வரியில் ஒரு சொல் பிடிபட்டுவிட்டது. 'அம்மா.'

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மேற்கொண்டு படிக்கவில்லை. இன்றுவரை படிக்கவில்லை.

மறுநாள் ஒட்டிய தாள்களை அவன் மேசையில் வைத்து, "தப்புப் பண்ணிட்டேன்டா. இதுல என்ன எழுதியிருக்கேன்னு எனக்கு வேண்டாம். இந்த எழுத்தை மட்டும் எனக்குச் சொல்லித் தருவியா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "உங்களுக்கு வராதுப்பா, கஷ்டம்" என்றான். பதினோரு நாளுக்குப் பிறகு வந்த முதல் வாக்கியம்!

எழுத்திலிருந்து தொடங்கினோம். தெங்வார் என்று பெயர். நம்மில் தமிழ் படித்தவர்களுக்கு இதில் பாதி வேலை குறைவு. உதட்டில் பிறப்பவை, பல்லில் பிறப்பவை என்று பிறப்பிடம் பார்த்து நான்கு வரிசை, வரிசைக்கு ஆறாக 24 முதன்மை எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டும் ஒரு வளைவும். வளைவை இரட்டித்தால் 'ட' வகை ஒலி 'டா' என்று அதிரும் ஒலியாகிவிடும். எழுத்தின் பெயரே ஒரு சொல். பர்மா என்றால் புத்தகம், அது 'ப'. கல்மா என்றால் விளக்கு, அது 'க'. உயிரெழுத்து மெய்யின் தலைமேல் குறியாக ஏறும், நம் கொம்பும் சுழியும் போல. குவென்யாவில் மெய்யை முதலில் சொல்லி, மேலே இருக்கும் உயிரைப் பிறகு சொல்ல வேண்டும். உயிர்மெய்தானே ஐயா இது! ஒரு வாரத்தில் என் பெயரை எழுதிவிட்டேன்.

அடுத்தது வேற்றுமை. கிர்யா என்றால் கப்பல். கிர்யன்னா, கப்பலுக்கு. கிர்யல்லோ, கப்பலிலிருந்து. கிர்யஸ்ஸே, கப்பலில். கிர்யனென், கப்பலால். ஆங்கிலம் போல் முன்னால் தனிச்சொல் போடுவதில்லை. நம்மைப் போல் வாலில் ஒட்டுவதுதான். ஃபின்னிஷ் மொழியும் இப்படி ஒட்டுகிற மொழி. டோல்கீன் வாங்கியது அங்கிருந்துதான். அம்மாவை அம்மே என்றும் அப்பாவை அத்தோ என்றும் சொல்வார்கள். நம் பழைய 'அத்தன்' ஞாபகம் வரும். உடனே டோல்கீன் தமிழ் படித்தவர் என்று யாரும் வாட்ஸப்பில் கிளப்பிவிட வேண்டாம். குழந்தை வாயில் எந்த ஊரிலும் வருகிற ஓசைகள் அவை.

வினைச்சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். 'நான்' என்பதற்குத் தனிச்சொல் பெரும்பாலும் வேண்டியதில்லை. 'வந்தேன்' என்பதில் ஏன் ஒட்டியிருப்பது போல் 'ன்யே' ஒட்டும். மரியாதைக்குரியவருக்கு 'ல்யே', நெருக்கமானவருக்கு 'த்யே'. நம் வீடுகளில் அப்பாவை நீங்க என்றும் அம்மாவை நீ என்றும் கூப்பிடுகிற வழக்கம் உண்டல்லவா? என் மகன் அப்படியே பிரித்து வைத்திருந்தான். அப்பாவுக்கு ல்யே, அம்மாவுக்கு த்யே.

ஒரு நாள் ராத்திரி தோசை வார்த்து முடித்து, அவன் அறைக்கதவில் ஒரு சீட்டு ஒட்டினேன். என் முதல் சொந்த வாக்கியம். வாக்கியம் என்ன, ஒரே சொல்தான். 'மத்தில்மே.' சாப்பிடுகிறோம் என்று எழுதியதாக நினைப்பு. அவன் சீட்டைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். முகம் சரியில்லை.

"என்னப்பா, யாரோட சாப்பிடறீங்க?"

"உன்னோடதான்டா."

"நீங்க எழுதினது 'நாங்கள்'. நான் அதுல இல்லை."

நாங்கள், நாம் என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் கிடையாது. தமிழில் உண்டு. குவென்யாவிலும் உண்டு! எதிரில் இருப்பவரை விலக்கிச் சொல்ல 'ல்மே', சேர்த்துக்கொண்டு சொல்ல 'ல்வே'. உடனே சீட்டை வாங்கி 'மத்தில்வே' என்று திருத்தினேன். பாராட்டுவான் என்று பார்த்தால் அதுவும் தப்பாம்.

"அது மூணு பேர், அதுக்கு மேல இருந்தா. ரெண்டே பேர்னா வேற. நாம இப்ப ரெண்டு பேர்தானேப்பா."

பென்சிலை வாங்கி அவனே எழுதினான். 'மத்திங்வே.' நீயும் நானும், இரண்டு பேர் மட்டும், சாப்பிடுகிறோம். தமிழில் இதற்கென்று தனி விகுதி கிடையாது. தோசை ஆறிப்போயிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றோம். அன்றைக்குத்தான் அவன் தன் அம்மாவைப் பற்றி என்னிடம் பேசினான், ஒரு வருடத்துக்குப் பிறகு.

டோல்கீனும் சிறுவயதில் தாயை இழந்தவர் என்று அன்றுதான் சொன்னான். நான்கு வயதில் தந்தை போனார், 1904ல், பன்னிரண்டு வயதில், தாய் போனார். லத்தீனை முதலில் சொல்லிக்கொடுத்தது அந்தத் தாய்தான். இன்னொன்றையும் என்னைச் சந்தோஷப்படுத்தச் சொன்னான். 1916ல் சோம் போர்க்களத்தில் டோல்கீன் பட்டாளத்தின் செய்தித்தொடர்பு அதிகாரி. மோர்ஸ் படித்தவர். "உங்க ஆளுதாம்பா" என்றான். அந்த வருடமெல்லாம் எனக்குப் பெருமைதான். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது, அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றினான்.

மாணவர்கள் யாராவது இதைப் படிக்கப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. இந்த மொழி முடிக்கப்படவில்லை. 1973ல் இறக்கும்வரை அவர் திருத்திக்கொண்டே இருந்தார். 'நமது சந்திப்பின்' என்று பொருள்படும் ஒரு சொல் அந்த நாவலில் வருகிறது. முதல் பதிப்பில் 'ல்மோ' என்று முடிந்ததை, மறுபதிப்பில் 'ல்வோ' ஆக்கினார். ஒரே ஒரு எழுத்து! நான் தடுக்கி விழுந்த அதே இடத்தில் மனுஷனும் நின்று யோசித்திருக்கிறார். அவர் விட்டுச்சென்ற கைப்பிரதிகளை ஆர்வலர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அச்சிட, நேற்று சரியாக இருந்தது இன்று தப்பாகிறது. இட்லிக்குச் சொல் கிடையாது. பேருந்துக்கும் கிடையாது. நட்சத்திரத்துக்கும் மரத்துக்கும் வேண்டிய மட்டும் உண்டு. நட்சத்திரம் எலென், பல என்றால் எலெனி. மரம் ஆல்டா, மரங்கள் ஆல்டார். எங்கள் வீட்டில் மின்வெட்டுக்கு ஒரு சொல் செய்ய மூன்று வாரம் சண்டை போட்டிருக்கிறோம்.

மகன் தேர்வில் பிறகு தேறினான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கணக்கு டியூஷன் வைத்தோம். இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். ஞாயிறு இரவு தொலைபேசியில் கூப்பிட்டால் முதலில் கேட்பது, சாப்பிட்டீர்களா என்பதை. அதற்கு நான் சொல்ல வேண்டிய விகுதி 'ன்யே', ஒருமை. போன மாதம் பேச்சுவாக்கில் பழைய பழக்கத்தில் 'மத்திங்வே' என்று சொல்லிவிட்டேன். அவன் திருத்தவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். எண் ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லிக்காட்டலாம் என்றிருந்தேன், நேரமில்லை. எழுத்து மட்டும் பழக விருப்பமுள்ள மாணவர்கள் சாப்பாடு முடிந்து, நாங்கள் அந்தக் காலத்தில் உட்கார்ந்த பழைய கணிதத் துறை வகுப்பறைக்கு வாருங்கள். கரும்பலகை இன்னும் இருக்கிறது, காலையில் போய்ப் பார்த்துவிட்டேன். சாக்பீஸ் என் பையில் இருக்கிறது.