பாதுகாப்பு விதிகளை யாரைக் கேட்டு எழுதுவது?

(பொன்விழாவையொட்டி நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எரிக்கோ நகருக்கு வெளியே பார்வையற்ற பர்த்திமேயு கூக்குரலிட்டபோது அவரை அதட்டியவர்கள் விரோதிகள் அல்லர். இயேசுவோடு நடந்துவந்த கூட்டத்தார்தாம். ஆண்டவரோ நின்றுவிட்டார். கண் தெரியாத ஒருவருக்கு என்ன தேவை என்பது எவருக்கும் விளங்கக்கூடியதே. ஆயினும் அதை அவர் வாயாலேயே கேட்டறிந்த பிறகுதான் குணமாக்கினார்.

இந்தப் பொன்விழா ஆண்டில் நமது பங்கிற்கெனச் சிறுவர் பாதுகாப்பு விதிகளை எழுதும் பொறுப்பு எங்கள் ஆறு பேரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறைக்கல்வி வகுப்பு, பீடச் சிறுவர், பாடகர் குழு, திருயாத்திரை என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து நான்கு பக்கம் எழுதினோம். எழுதி முடித்ததில் சற்றுப் பெருமையும் இருந்தது. அதை வாசிக்க வாங்கிச் சென்ற ஒரு தாய், ஒரே ஒரு சொல்லைப் பல இடங்களில் பென்சிலால் கோடிட்டுத் திருப்பித் தந்தார். "சொன்னால்" என்பதே அச்சொல். குழந்தை சொன்னால் விசாரிக்க வேண்டும், சொன்னால் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும், சொன்னால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவருடைய மகனுக்கு ஆட்டிசம், வயது பதினான்கு, பேச்சு இல்லை. "என் பிள்ளை சொல்லமாட்டானே, ஐயா" என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

ஆட்டிசம் நோயன்று. அறிவுக் குறைவு என்று எண்ணுவதும் தவறு. உலகத்தை உணர்வதிலும் பிறரோடு பழகுவதிலும் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு அது. சிலர் சரளமாகப் பேசுவார்கள். சிலர் படங்களைக் காட்டியோ எழுத்துக்களைத் தொட்டோ கருத்தைத் தெரிவிப்பார்கள். சாதாரண மணியோசைகூடச் சிலருக்குத் தாங்காது.

ஊனமுற்ற குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 2012இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. காரணம் என்ன? ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துப் புனித அன்னாள் சிறப்புப் பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள். அது கத்தோலிக்கப் பள்ளி. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் படித்த இடம். 1986 முதல் 1991 வரை அங்கே பேருந்து ஓட்டிய மனிதர் பிள்ளைகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கினார். அவர் முன்பே தண்டனை பெற்றவர் என்பதை எவரும் விசாரிக்கவில்லை. பிள்ளைகளில் பலருக்குப் பேச்சே கிடையாது. ஓட்டுநர் போன பிறகும் பல பெற்றோருக்குச் செய்தி எட்டவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. 2003இல் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2014இல் அந்நாட்டு அரச விசாரணை ஆணையம் இந்தப் பள்ளியின் கதையை வெளிப்படையாக விசாரித்தது. கேட்கப் பொறுக்காத கதைதான். ஆனாலும் நம் வீட்டுக் கதை, நம் திருச்சபையின் கதை.

இத்தகைய கொடுமைகளிலிருந்து மீண்டு, இன்று பெரியவர்களாக வாழும் ஆட்டிசம் உடையவர்கள் பல நாடுகளில் எழுதியும் பேசியும் வருகிறார்கள். அவர்கள் சொல்வதில் நாங்கள் கனவிலும் நினையாதவை இருந்தன. பெரியவர் எது சொன்னாலும் கீழ்ப்படி, தொட்டால் விலகாதே, கட்டிப்பிடிக்க விடு என்று சிறுவயது முதல் பயிற்றுவித்துவிட்டு, பின்பு ஒருநாள் "ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்கிறீர்களே என்கிறார்கள். அந்நியரிடம் எச்சரிக்கையாயிரு என்று கற்பித்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். தெரிந்த ஆசிரியர் அந்நியர் அல்லவே! திடீரென்று பேருந்தில் ஏற மறுப்பதும், தன் கையைத் தானே கடிப்பதும் அவர்கள் சொல்லும் முறைதான். "இது ஆட்டிசத்தின் குணம்" என்று நாம் அதைத் தள்ளிவிடுகிறோம். விசாரணையில் கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் பொய் சொல்வதாகவும் முடிவு கட்டுகிறோம்.

எங்கள் நான்கு பக்கத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

பெற்றோரைக் கேட்டால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்கத்தான் வேண்டும். ஆனால் தாயின் அனுபவம் வேறு, பிள்ளையின் அனுபவம் வேறு. கொடுமை வீட்டுக்குள்ளேயே நடப்பதும் உண்டன்றோ? நம் பங்கில் அப்படிப்பட்டவர் யாரும் இல்லையே என்றார் இன்னொருவர். நாம் கேட்டதே இல்லையே. இல்லை என்று எப்படித் தெரியும்?

பாதிக்கப்பட்டவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014இல் சிறுவர் பாதுகாப்புக்கான திருப்பீட ஆணையத்தை ஏற்படுத்தியபோது, தம் சிறுவயதில் குரு ஒருவரால் பாதிக்கப்பட்ட அயர்லாந்துப் பெண்மணி மேரி காலின்ஸ் அவர்களை உறுப்பினராக்கினார். நல்ல தொடக்கம். ஆனால் 2017 மார்ச்சில் அவர் விலகினார். பாதிக்கப்பட்டோர் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதவும்கூட உரோமை அலுவலகம் ஒன்று மறுக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அங்கேயே அப்படியென்றால், நம் பங்குப் பேரவை தன்னைச் சோதித்துக்கொள்வது நல்லது.

சட்டம் நமக்கு முன்னே போய்விட்டது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஊனமுற்ற குழந்தையிடம் வாக்குமூலம் பெறும்போது சிறப்பாசிரியரையோ அக்குழந்தையின் தொடர்பு முறையை அறிந்தவரையோ துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஊனமுற்றோரைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே, குழந்தைகளையும் சேர்த்து, கலந்தாலோசிக்க வேண்டும் என்னும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது.

ஆகவே எழுதியதை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறோம். ஆட்டிசம் உடைய பெரியவர்களை, பாதிக்கப்பட்டவர்கள் உட்பட, கேட்டு எழுதப்போகிறோம். யாரும் மேடையேறித் தம் துயரக் கதையைச் சொல்லத் தேவையில்லை. விதியில் எது தவறு, எது குறைவு என்று சொன்னால் போதும். கேள்விகளை ஒரு வாரம் முன்னதாகவே எழுத்தில் கொடுப்போம். எழுதியோ, தட்டச்சு செய்தோ, படம் காட்டியோ பதில் தரலாம். விரும்பிய துணையை அழைத்து வரலாம். பாதியில் எழுந்து போகலாம். பெயரை வெளியிடமாட்டோம். ஆனால் இப்போது ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரியவந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கச் சட்டப்படி நாம் கடமைப்பட்டவர்கள். இதை முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுவோம்.

முதல் கூட்டம் மறைக்கல்வி அறையில் நடக்கும். அந்தத் தாயின் மகனும் தன் படப் பலகையோடு வருகிறான். அன்று மாலை கோவில் ஒலிபெருக்கியை நிறுத்திவைக்கப் பங்குத் தந்தை இசைந்திருக்கிறார்.